ஏழாவது கடை

"சட்டையில காக்கா எச்சம் போட்டிருக்கு, பெரியவரே."

முதுகுக்குப் பின்னால் நின்று, முணுமுணுப்புக்குச் சற்றே மேலான குரலில் முர்வானி சொல்கிறார். காதில் கருவி மாட்டி ஒரு மாதம் ஆன பெரியவர் பதறித் தோளைத் தட்டினால் கருவி வேலை செய்கிறது. அசையாமல் உட்கார்ந்திருந்தால், "நல்லாக் கேக்குதும்மா" என்று அவர் சொன்னது வெறும் மரியாதை.

சோலோ நகரத்தில் சின்ன மருத்துவமனை ஒன்றில், காதுக்கும் குரலுக்கும் பார்த்த வைத்தியம் பலித்ததா என்று கேட்டு எழுதுவது முர்வானியின் வேலை. பத்துக் கேள்விகள். தொல்லையே இல்லையென்றால் சைபர், ஓயாத தொல்லை என்றால் நான்கு. சுலபமான வேலைதான், எங்கள் ஜாவாக்காரர்கள் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டால்! டாக்டர் இவ்வளவு பாடுபட்டாரே, இன்னும் குணமாகவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது? எல்லாவற்றுக்கும் சைபர் போட்டு, ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்துவிட்டுப் போவார்கள். முர்வானிக்கு மாதம் ஒரு ரப்பர் தேய்கிறது.

சந்தையில் டெம்பே, அதாவது புளிக்கவைத்த சோயாக் கட்டி, விற்கும் துகினெமும் அப்படித்தான் பத்து சைபர் போட்டார். இருபது வருஷம் கூவிக் கூவி விற்றதில் குரல் நாணில் முடிச்சு விழுந்திருந்தது. சைபர் போட்டால் குரல் பயிற்சி அன்றோடு முடிந்தது, கோப்பை மூடிவிடுவார்கள். முர்வானிக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் காலை சந்தைக்கே போய்விட்டார். துகினெம் வாயைத் திறக்கவில்லை. தகர மூடியைக் கரண்டியால் தட்டித் தட்டி ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன்டியம்மா, இதுக்குப் பேரு சைபரா?"

"கோச்சுக்காதீங்கக்கா." காற்றுதான் வந்தது. "டாக்டர் மனசு நோகக் கூடாதுன்னு..."

"டாக்டர் மனசை அவரு பொண்டாட்டி பாத்துக்குவா. நீ உன் தொண்டையப் பாரு!"

அங்கேயே படிவத்தைப் பிரித்து, சைபர்களை அழித்து, துகினெம் கையாலேயே மறுபடி எழுதவைத்தார். பயிற்சி இன்னும் எட்டு வாரம் நீண்டது.

எட்டு வாரம் கழித்தும் வந்தது அதே பத்து சைபர். இதை நம்புவதா? முர்வானி மறுபடி சந்தைக்குப் போனார். கரண்டிச் சத்தத்தைக் காணோம். ஏழு கடை தள்ளி, தேங்காய் துருவும் இயந்திரம் அலறுகிற இடத்தில், துகினெமுக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். அடேயப்பா, எந்த டாக்டருக்குத் தோன்றும் இப்படி ஓர் அளவுகோல்!

"முர்வானியக்கா! பாக்காத மாதிரிப் போறீங்களே! இன்னிக்குப் போட்ட டெம்பேக்கா, வாங்கிட்டுப் போங்க!"

இயந்திரத்தின் அலறலைத் தாண்டிக்கொண்டு வந்தது குரல். கொஞ்சம் கரகரப்பு இருந்தது. ஆனாலும் வந்தது.

முர்வானி திரும்பவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் ஒரு கடை தள்ளிப் போய் நின்றார்.