எட்டும் ஏழும்

பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவருக்கு வாத்தியார் என்று ஒரு பேர் உண்டு. அங்கே ஏறாததை வீடு வீடாகப் போய் ஏற்றுகிறவளுக்குப் பேரும் கிடையாது, நாற்காலியும் கிடையாது. ஆம்பூரில் பின்தங்கின பிள்ளைகளின் வீடுகளுக்குப் பெரிய டீச்சரம்மா என்னைத்தான் அனுப்புவார். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சகோதரிகளே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்லி அழுவது?

முதல் நாள்

ருக்குவுக்கு எட்டு வயசு. இரண்டாம் வகுப்பில் ஒருமுறை பெயில். அவள் அப்பா முனுசாமிக்குத் தோல் கம்பெனியில் தோல் ஊறப்போடுகிற தொட்டி வேலை. நான் போய் உட்கார்ந்த உடனே, வாசலுக்கு வெளியே நின்றபடியே சட்டம் பேசிவிட்டார். அம்மா காசியம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்த வருசமும் பெயிலானா, ஆட்டுத்தோல்ல மயிர் பிடுங்க அனுப்பிடுவேன். அதுக்குப் பரீச்சை கிடையாது டீச்சரம்மா."

ஸ்டேஷன் பையன்

நடுவில் இன்னொரு வீடு. ரயில்வே ஸ்டேஷன் குமாஸ்தாவின் மகன். வாசிப்பில் புலி என்று அவன் அம்மாவுக்கு ஒரே பெருமை. புலிதான், கடகடவென்று வாசித்தான். ஆனால் புத்தகத்தில் காக்கை இருக்க, இவன் வாயில் நரி வந்தது. முழுப் புத்தகமும் மனப்பாடம், ஒரு எழுத்தும் தெரியாது! பக்கத்தைத் திருப்பி, "எங்கேடா நரி? காட்டு பார்ப்போம்" என்றேன். அவன் கொஞ்சமும் அசரவில்லை.

"நீங்க சீக்கிரமா திருப்பிட்டீங்க டீச்சர். நான் இன்னும் அந்தப் பக்கத்துலதான் இருக்கேன்."

பலகை நிறைய ஒரே எழுத்து

ருக்குவிடம் 'அணில்' எழுதச் சொன்னால், 'அ' மட்டும் சிலேட்டு முழுக்கப் படுத்துக்கொள்ளும். மீதி அணிலுக்கு இடம் இருக்காது. சின்னதாக எழுது, சின்னதாக எழுது என்று தொண்டைத் தண்ணி வற்றக் கத்தினேன். மறுநாள் 'அ' இன்னும் கொஞ்சம் பெருத்திருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஏன்டி, என் பேச்சு காதில் விழவில்லையா என்று சிலேட்டைப் பிடுங்கினேன்.

முனுசாமி வேலை விட்டு வந்தால், குளிக்கிற வரைக்கும் வீட்டுக்குள் வரமாட்டார். தோல் நாற்றம். தெருவிலேயே நின்று, "இன்னைக்கு இன்னா எழுதினே, காட்டு" என்பார். அவருக்கு எழுத்து தெரியாது, ஆனாலும் பார்ப்பார். இது அதுவரை எனக்குத் தெரியாது. ருக்கு சொன்னதும் சிலேட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

"சின்னதா எழுதினா அங்கேர்ந்து அப்பாவுக்குத் தெரியாது டீச்சர்."

தொட்டிக் கணக்கு

கணக்குப் புத்தகத்தில் மாம்பழமும் ஆரஞ்சும். ருக்கு வீட்டில் இரண்டும் இல்லை. தெரிந்ததை வைத்துச் சொல்லுவோம் என்று என் புத்திக்குப் பட்டது. "ஒரு தொட்டியில் இருபது தோல் ஊறுது. அதில் ஆறை எடுத்துட்டா மீதி எத்தனை?"

"ஊறாம எடுக்க வுடமாட்டாங்க டீச்சர். மேஸ்திரி பின்னிடுவாரு."

சரி, உங்க அப்பாவே மேஸ்திரி என்று வைத்துக்கொள் என்றேன். அவள் முகம் அப்படியே மலர்ந்தது. அவள் மனசுக்குள் அப்பா மேஸ்திரியாகி, அதிகாரம் செய்து, வீடு திரும்புகிற வரை காத்திருந்தேன். அப்புறம் முகம் சுருங்கிவிட்டது.

"மேஸ்திரியா இருந்துக்கினு, எங்கப்பாவே ஊறாத தோலை எடுப்பாரா?"

அடுப்படிப் பதில்

அந்தக் குழந்தைக்கு எமன் எட்டும் ஏழும்தான். விரலை மடக்குவாள், கால் விரலைக் கூப்பிடுவாள், கடைசியில் பதிமூணு என்பாள். புளியங்கொட்டை வைத்தோம், கூழாங்கல் வைத்தோம், பதிமூணு நகர மறுத்தது. ஒரு சாயங்காலம், அவள் முழித்துக்கொண்டிருக்கையில், அடுப்புப் பக்கமிருந்து மெதுவாக "பதினைஞ்சு" என்று வந்தது. திரும்பினேன். காசியம்மாவுக்கு நான் ஒரு நாளும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஊதுகுழலும் கையுமாக அப்பாவியாக உட்கார்ந்திருந்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லல டீச்சரம்மா. அடுப்புதான் ஊதினேன்."

பாஸ்

அப்புறம் எப்படியோ வந்துவிட்டது. தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் பதினைஞ்சு என்பாள். பரீச்சையும் வந்தது, ருக்கு பாஸ்! சேதி சொல்ல நான் ஓட்டமும் நடையுமாகப் போனேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர். முனுசாமிக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைக்குக் குளித்துவிட்டு உள்ளேயே வந்து உட்கார்ந்தார்.

"ரொம்ப உபகாரம் டீச்சரம்மா. எழுதறா, படிக்கறா, கணக்கும் வந்துடுச்சு. அவ்ளோதானே படிப்பு? திங்கக்கிழமைலேர்ந்து கம்பெனிக்கு இட்டுக்கினு போறேன்."

பெயிலானாலும் கம்பெனி, பாஸானாலும் கம்பெனி என்றால், நான் எதற்கு மழையும் வெயிலும் பார்க்காமல் வந்தேன்? சண்டைக்கு வாயைத் திறந்தேன். அதற்குள் காசியம்மா முந்திக்கொண்டாள். "பாஸ் பண்ணா இன்னா? கணக்கு இன்னும் சரியா வரலியே. வேணும்னா நீங்களே கேட்டுப் பாருங்க."

முனுசாமி மகளைக் கூப்பிட்டார். "எட்டுத் தோலு. அது கூட ஏழு தோலு. மொத்தம் எத்தினி?"

ருக்கு அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். விரலை மடக்கினாள், கால் விரலையும் கூப்பிட்டாள். நிதானமாகச் சொன்னாள்: "பதிமூணு."

முனுசாமி தலையில் அடித்துக்கொண்டார். "அட பேஜாரே, எனக்கே தெரியுது பதினைஞ்சுன்னு! இன்னும் ஒரு வருசம் போவட்டும் டீச்சரம்மா, நீங்களும் விடாம வாங்க."

இத்தனை வருஷத்தில் என்னிடம் படித்த பிள்ளைகள் சொன்ன விடைகளிலேயே முழு மார்க் போடவேண்டியது அந்தத் தப்பான ஒன்றுக்குத்தான்.