தவமணி அன்ரியின் வலது மணிக்கட்டு

போன வியாழக்கிழமை காலை, பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. புங்குடுதீவிலிருந்து றூபன் அண்ணை. இறுப்பிட்டியில் ஓட்டோ ஓட்டுபவர். 'தங்கச்சி, எப்பிடிப் பாடு?' என்றுதான் எப்போதும் தொடங்குவார். அன்றைக்கு அது இல்லை.

"அன்ரி மோசம் போட்டா தங்கச்சி. படலை திறக்கேல்லை எண்டு மதிலால ஏறிக் குதிச்சுப் பாத்தனான். கட்டில்ல... நித்திரை மாதிரித்தான் கிடந்தவ."

"எப்ப அண்ணை?"

"ஆருக்குத் தெரியும்? இரவே முடிஞ்சிருக்கும் எண்டு பொலிஸ் சொல்லுது."

பொலிஸ்! வாயில் பற்பசை நுரையோடு கதிரையில் இருந்துவிட்டேன். என்ன நடக்கப்போகிறது என்பது எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. றூபன் அண்ணைக்குத் தெரியவில்லை.

"வாகனத்தை அனுப்புங்கோ. உடம்பை உங்களுக்குத்தானே எழுதித் தந்தவ? நான் படலையடியில நிக்கிறன்" என்றார்.

இந்தப் பக்கத்தை வழக்கமாக வாசிப்பவர்களுக்கு என் உத்தியோகம் தெரியும். பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் ஆராய்ச்சி. புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் - நான் டொக்டர் இல்லை. மருந்து எழுத மாட்டேன். உங்கள் முழங்கால் நோவுக்கு என்னிடம் பதில் இல்லை. மணிக்கட்டைப் பற்றி வேண்டுமானால் கேட்கலாம். (இன்றைய கதையில் வருபவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.)

மணிக்கட்டு என்றதும் ஒரு சின்ன வேலை. உள்ளங்கையை மேலே பார்க்க வையுங்கள். பெருவிரல் நுனியும் சின்னிவிரல் நுனியும் தொடட்டும். இப்போது மணிக்கட்டைக் கொஞ்சம் உள்ளே மடியுங்கள். நடுவில் ஒரு நாண் கயிறு மாதிரிப் புடைக்கிறதா? அப்படியானால் முன்கையில் உங்களுக்கு ஒரு மெல்லிய தசை இருக்கிறது. புடைக்கவில்லையா? உங்களுக்கு அநேகமாக அது இல்லை. பயப்பட வேண்டாம். இல்லாதவர்களும் தேங்காய் துருவுகிறார்கள், மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறார்கள். சிலருக்கு ஒரு கையில் மட்டும் இருக்கும். மிகச் சிலருக்கு அது தலைகீழாக இருக்கும் - முழங்கைப் பக்கம் திரண்டிருக்க வேண்டிய சதை, மணிக்கட்டுப் பக்கம் வந்து திரண்டுவிடும்.

தீவுகளில் யாருக்கு எப்படி இருக்கிறது? இதுதான் என் ஆராய்ச்சி. ஊர்காவற்றுறைக் கரையில் வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்தவர்களிடம் போய், விரலைத் தொடுங்கள், கையை மடியுங்கள் என்று கேட்டேன். எல்லோரும் மடித்தார்கள். "உதுக்கோ கம்பஸில சம்பளம் தாறாங்கள்?" என்றார் ஒருவர். நியாயமான கேள்வி...

தவமணி அன்ரியை எனக்குக் காட்டியவர் றூபன் அண்ணைதான். அவருடைய ஓட்டோவில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன். பாதி வீடுகளுக்குப் பூட்டு. மீதியில் தட்டினால் திறப்பதற்கு நேரம் எடுக்கும். "எங்கட ஒழுங்கையில ஒரு மனுசி இருக்கு. அதின்ர கையைப் பாத்தா விடமாட்டியள்" என்று கூட்டிக்கொண்டு போனார்.

அன்ரி தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கலியாணம் செய்யவில்லை. பெறாமகன், அதாவது அக்காவின் மகன், ஒருவர் கனடாவில். வலது மணிக்கட்டுக்குச் சற்று மேலே, ஒரு புளியங்கொட்டையை உள்ளே வைத்துத் தைத்தது மாதிரித் திரட்சி. விரலை மடக்கும்போது அது எழும்பி நின்றது. கண்ணை எடுக்காமல் பார்த்தேன்.

"என்ன பிள்ளை இப்பிடிப் பாக்கிறீர்? கந்தோரில முத்திரை குத்திக் குத்தி வந்தது. பென்சன் எடுக்கேக்கை, இதுக்கும் சேத்து ஏதும் தாங்கோ எண்டு கேட்டனான். சிரிச்சுப்போட்டு அனுப்பினவங்கள்."

"அன்ரி, இது பிறக்கேக்கையே இருந்ததாவும் இருக்கலாம். ஒரு தசை இடம் மாறி..."

"என்னது? அப்ப இவ்வளவு காலமும் கந்தோரைச் சும்மாவோ திட்டினனான்?"

றூபன் அண்ணை ஓட்டோவுக்குள்ளிருந்து சிரித்தார்.

யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஸ்கான் எடுத்தோம். வாசித்தவர், இடம் மாறிய தசையாக இருக்கலாம் என்று எழுதினார். வேலையால் தடித்த சதையாகவும் இருக்கலாம் என்றும் எழுதினார். 'இருக்கலாம்' - ஆராய்ச்சி செய்பவளை இந்தச் சொல் போல எரிச்சலூட்டுவது வேறு உண்டா?

"இருக்கலாம் எண்டு எனக்கே தெரியுமே! அதைச் சொல்லவோ கடலுக்கு நடுவில தாம்போதி தாண்டி இவ்வளவு தூரம் என்னைக் குலுக்கிக் கொண்டந்தனீர்?" என்றார் அன்ரி. "வடிவா அறியோணும் எண்டா என்ன செய்யோணும்?"

"திறந்துதான் பாக்கோணும் அன்ரி. அது உயிரோட இருக்கேக்கை ஏலாது."

"ஆர் உயிரோட இருக்கேக்கை எண்டது?"

அப்படித்தான் அன்ரி தன் உடலை எங்கள் துறைக்கு எழுதித் தந்தார். வேண்டாம், ஆறுதலாக யோசியுங்கோ என்று சொன்னேன். அவர் விரல் மடித்துக் காரணம் சொன்னார். ஒன்று - கொள்ளி வைக்க ஆள் தேடி ஒருத்தரும் அலையத் தேவையில்லை. இரண்டு - பெறாமகன் கனடாவில் லீவுக்கு ஆரிடமும் கெஞ்சத் தேவையில்லை. மூன்று - இந்தக் கைக்கு ஒரு முடிவு வரும். நானும் எதற்கெடுத்தாலும் பட்டியல் போடுபவள். இதைவிட ஒழுங்கான ஒன்றை நான் போட்டதில்லை.

"கந்தோர் தந்ததோ, எங்கட அம்மா தந்ததோ? பாத்துப்போட்டுச் சொல்லும்."

"ஆருக்கு அன்ரி சொல்லுறது?"

கொஞ்சம் யோசித்தார். பிறகு படலையைக் காட்டினார். "உவன் றூபனுக்குச் சொல்லும். இவ்வளவு காலமும் என்ர புலம்பலைக் கேட்டவன் அவன்தானே."

பெறாமகன் வீடியோ அழைப்பில் வந்து சம்மதம் சொன்னார். நிபந்தனைகளை நான் ஒவ்வொன்றாக விளக்கினேன். பிரேத பரிசோதனை செய்த உடலை நாங்கள் எடுப்பதில்லை என்பதையும் சொன்னேன்.

"என்னை ஆர் பிள்ளை கொலை செய்யப்போறான்?" என்றார் அன்ரி.

எல்லோரும் சிரித்தோம். கனடாவும் சிரித்தது.

இனி, வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

வருத்தமாய்க் கிடந்த ஒரு முதியவர், வீட்டில் ஆட்கள் சூழ இருக்கும்போது இறந்தால் பெரிய சிக்கல் இல்லை. கிராம அலுவலரான விதானையார் வந்து பார்ப்பார், இயற்கை மரணம் என்று பதிவாகும், எங்கள் வாகனம் போகும். ஆனால் தனியே இருந்த ஒருவர், எப்போது என்றே தெரியாமல் இறந்து கிடந்தால்? பொலிஸ் வரவேண்டும். மரண விசாரணை நடக்கவேண்டும். காரணம் தெரியாவிட்டால் பிரேத பரிசோதனை. அதில் இரத்தக் குழாய்கள் வெட்டுப்படும். உடலைக் கெடாமல் வைக்க நாங்கள் ஏற்றும் திரவம் அந்தக் குழாய்கள் வழியாகத்தான் உடலெங்கும் போகவேண்டும். வெட்டிய குழாயில் ஏற்றினால் ஒழுகும். மாணவர்கள் மாதக்கணக்காக வைத்துப் படிக்கும் உடலாக அது இருக்காது.

ஆகவே, எடுப்பதில்லை.

சும்மா இருக்கவில்லை நான். துறைத் தலைவரிடம் போனேன். "சேர், முழு உடம்பு வேண்டாம். அந்த ஒரு கை மட்டும்..."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "கை மட்டும் எண்டு ஒரு ஆளை எடுக்கலாமோ பிள்ளை? அவ எழுதித் தந்தது அதுக்கோ?"

பரிசோதனை செய்யும் வைத்தியரிடம் கேட்டேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "என்னட்டைக் கேட்டிருக்கிறது, ஏன் செத்தவ எண்டு. அது மணிக்கட்டில இல்லை. தேவையில்லாமல் நான் அதில கை வைக்கேலாது."

இதயம் என்று முடிவு வந்தது. இயற்கை மரணம். கொலையும் இல்லை, ஒன்றும் இல்லை. அதை உறுதிப்படுத்தத்தான் இவ்வளவும்.

இதில் யார் பிழை? எழுதிப் பார்த்தேன். பொலிசுக்குச் சொன்ன றூபன் அண்ணை சரி. விசாரித்த பொலிஸ் சரி. விசாரணை அதிகாரி சரி, வைத்தியர் சரி, எங்கள் சேர் மிகவும் சரி. ஒருவரும் இரக்கமில்லாமல் நடக்கவில்லை. ஒருவரும் சோம்பேறித்தனம் காட்டவில்லை. எல்லோரும் சரியாகச் செய்து, அன்ரி கேட்ட மூன்றில் ஒன்றுகூட நடக்கவில்லை.

சனிக்கிழமை செத்தவீட்டுக்குப் போனேன். குறிகட்டுவான் பஸ்ஸில் நயினாதீவுக்குப் போகும் சனம் பூக்கூடைகளோடு நிறைந்திருந்தது. வெள்ளைச் சீலையோடு நான் மட்டும் இடையில் இறங்கினேன்.

முற்றத்தில், அன்ரி எதற்குப் பயந்தாரோ அது நடந்துகொண்டிருந்தது. கொள்ளி வைக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"தூரத்துச் சொந்தம் ஒருத்தன் சுன்னாகத்தில இருக்கிறானெல்லோ?"

"அவன் போன் எடுக்கிறான் இல்லை."

"அப்ப றூபன் வைக்கட்டுமன்."

"தாய் தகப்பன் ரெண்டு பேரும் உயிரோட இருக்கிற பெடியன். எப்பிடி வைக்கிறது?" இது றூபன் அண்ணையின் தாய். பெடியனுக்கு நரை விழுந்து கனகாலம்.

கெஞ்சியும் லீவு கிடைக்காத பெறாமகன், ஒருவர் தூக்கிப் பிடித்திருந்த போனுக்குள் இருந்துகொண்டு, "ஆரெண்டாலும் வையுங்கோ... ப்ளீஸ், ஆரெண்டாலும்..." என்று அழுதுகொண்டிருந்தார். போனைப் பிடித்திருந்தவருக்குக் கை உளைந்து, கனடா அடிக்கடி பந்தல் கூரையைப் பார்த்தது.

கடைசியில் றூபன் அண்ணை போட்டிருந்த சேட்டைக் கழற்றிவிட்டு முன்னுக்கு வந்தார். தாய் உள்ளே போய்விட்டார்.

பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இரண்டு கைகளையும் நெஞ்சில் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வலது கை மேலே. புளியங்கொட்டை அப்படியே இருந்தது. பரிசோதனையில் அந்தக் கையில் ஒரு கீறல்கூட விழவில்லை. என் வாழ்நாளில் இப்படி இன்னொரு மணிக்கட்டைக் காண்பேனா தெரியாது. ஓர் எட்டுத் தூரம்...

பிறகு தூக்கினார்கள். பெண்கள் படலையோடு நிற்கவேண்டும். எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அந்த உடலைத் திறந்து, நரம்பு நரம்பாகப் பிரித்துப் பார்க்க அன்ரி எனக்கு எழுத்தில் அனுமதி தந்திருந்தார். அதற்குப் பின்னால் சுடலைக்கு நடந்து போகத்தான் எனக்கு அனுமதி இல்லை. ஒழுங்கை முடக்கில் பறைச் சத்தம் திரும்பும்வரை நின்றேன்.

பின்னேரம், றூபன் அண்ணை குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தார். என்னை பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட ஓட்டோவை எடுத்தார். மடத்துவெளி தாண்டியதும் வேகத்தைக் குறைத்தார்.

"தங்கச்சி, ஒண்டு கேக்கட்டே? நான் இரவு முழுக்கப் பக்கத்தில இருந்தனான், என்ர கண்ணுக்கு முன்னாலதான் சீவன் போனது எண்டு ஒரு பொய் சொல்லியிருந்தா... மனுசியை எடுத்திருப்பியளோ?"

நான் கணக்கில் பிழை விடாதவள் என்று பெயர் எடுத்தவள். பதில் உடனே வந்தது.

"இல்லை அண்ணை. அப்பவும் எடுத்திருக்க ஏலாது."

இது பொய். அநேகமாக எடுத்திருப்போம்.

றூபன் அண்ணை விளையாட்டுப் பக்கத்தைத் தவிர வேறொன்றும் வாசிப்பதில்லை. அந்தத் துணிவில் எழுதுகிறேன். தீவுப் பக்கம் எந்த ஓட்டோவில் ஏறினாலும், வாசகர்களே, தயவுசெய்து கிரிக்கெட் மட்டும் கதையுங்கள்.

பஸ்ஸடியில் இறங்கும்போது இன்னொன்று கேட்டார். "அப்ப அந்தக் கை? கந்தோரோ, தாயோ?"

"தெரியாது அண்ணை. இனித் தெரியவராது."

இதில் பொய் இல்லை.

திங்கட்கிழமை, தீவுகளிலிருந்து உடலை எழுதித் தந்தவர்களின் விபரங்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்: இவர்களோடு வீட்டில் யார் இருக்கிறார்கள்? விடை எல்லாவற்றுக்கும் ஒன்றே. ஒருவரும் இல்லை. ஏன், விளங்குகிறதா? பிள்ளைகள் சூழ இருப்பவர்களின் உடலைத் தரப் பிள்ளைகள் விடுவதில்லை. தருகிறவர் தனியாள். தனியாள் இறந்தால் பார்த்தவர் இல்லை. பார்த்தவர் இல்லாவிட்டால் பொலிஸ். பொலிஸ் வந்தால் நாங்கள் எடுப்பதில்லை. யாராவது இருந்து திட்டமிட்டிருந்தால்கூட இவ்வளவு இறுக்கமாக வந்திருக்காது. பிள்ளைகள் பெற்றவர்களை விட்டுவிட்டுப் போன தீவில், கடைசி மூச்சுக்கு ஒரு சாட்சியைக் கேட்கிறோம் நாங்கள்.

இப்போது ஒவ்வொரு காலையும், வேலைக்குப் போகமுதல், அவர்களுக்குப் போன் எடுக்கிறேன். அதனால் பயன் உண்டா? இல்லை. எடுத்தால் உயிரோடு இருக்கிறார்கள். எடுக்காவிட்டால் அதே மதில், அதே பொலிஸ். என் போனால் ஒருவர்கூட எங்கள் மேசைக்கு வரப்போவதில்லை. தெரிந்துகொண்டே எடுக்கிறேன்.

ஊர்காவற்றுறையில் ஒரு பெரியவர். முன்பு கடலுக்குப் போனவர். நேற்று, மணி அடித்து அடித்து ஓயப்போகும் நேரத்தில் எடுத்தார். என் குரலில் என்ன இருந்ததோ தெரியாது, ஹலோ சொன்னதுமே கண்டுபிடித்துவிட்டார்.

"இருக்கிறன் பிள்ளை, இருக்கிறன்... இண்டைக்கும் உமக்கு ஏமாற்றம்தான்."