காளியம்மாள் எழுதாத கடிதம்

எனக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது, கணவரைப் பறிகொடுத்த ஒரு பெண்ணின் பெயரில் நான் ஒரு பொய்க் கடிதம் எழுதினேன். அது வார இதழ் ஒன்றில் அச்சாகி, செத்துப்போனவரையே குற்றவாளி ஆக்கியது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லும் வயதை நான் கடந்துவிட்டேன்.

அந்த நாட்களில் எங்கள் தெருவில் விடியும்போதே அவிந்த நெல்லின் வாசனை வந்துவிடும். காரைக்குடியிலிருந்து சாக்கோட்டைக்குப் போகும் சாலையோரம் இருந்த அரிசி மில்லில் அப்பா குமாஸ்தா. புழுங்கிய நெல்லின் ஆவி ஓட்டு இடுக்கு வழியாக வீட்டுக்குள் இறங்கி, என் சட்டையிலும் பாடப் புத்தகத்திலும் ஏறிக்கொள்ளும். மில் களத்தில் நெல் காயவைக்கும் பெண்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்களுக்கு ஊருக்குப் போடும் "கடுதாசி" எழுதித் தருபவன் நான்தான். அவர்களில் ஒருத்தி காளியம்மாள். அவள் கணவர் கருப்பையா பாய்லருக்கு உமி தள்ளுகிறவர்.

காளியம்மாளின் கடுதாசிகள் தஞ்சாவூர்ப் பக்கம் பிழைக்கப் போன அவளுடைய அண்ணனுக்குப் போகும். எதைச் சொல்ல வந்தாலும், "அங்குட்டு மழை உண்டா? இங்குட்டு வெயிலுதேன்" என்றுதான் அவள் தொடங்குவாள். களத்துப் பெண்கள் இதை வைத்தே அவளைக் கேலி செய்வார்கள். "ஏத்தா, மழைக்காரி! ஒங்க அண்ணனுக்குக் காயிதமா, வருண பகவானுக்கா?" என்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

எங்கள் தெருமுனை சலூனுக்கு அந்த வார இதழ் வரும். சாராயச் சாவு, கல்குவாரிக் கொத்தடிமை, காவல் நிலையக் கொலை என்று வாரம் ஓர் ஊரின் அநியாயத்தை அது தோண்டி எடுத்துப் போடும். முடிவெட்டக் காத்திருப்பவர்கள் அதை என்னிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்வார்கள். "சத்தமா படிறா, அந்த அடிச்ச எடத்தை இன்னொருக்காப் படி" என்பார்கள். "ச்சொச்சொ" என்பார்கள். "இவன்தாய்யா ஆம்பள, பயப்படாம எழுதுறான்" என்று நிருபரை மெச்சுவார்கள். பிறகு முகத்துக்கு நுரை பூசிக்கொள்வார்கள். அந்தப் பரிதாபம் அடுத்தவர் ஊர் என்பதால் வந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு நாள் முற்பகலில் எங்கள் மில் பாய்லர் வெடித்தது. கருப்பையாவும் வேறு இரண்டு பேரும் வெந்து செத்தார்கள். சில நாளில் அந்த இதழின் நிருபர் வந்து காளியம்மாளிடம் பேசினார். அவள் மறைக்காமல் சொல்லிவிட்டாள். ஆவி அதிகமானால் தானே திறந்து வெளியேற்ற வேண்டிய வால்வு ஓயாமல் கசிந்ததாம். பழுது பார்க்க மில்லை நிறுத்த வேண்டியிருக்கும் என்று, முதலாளி அதைக் கம்பியால் கட்டி மேலே கல்லைத் தொங்கவிடச் சொன்னாராம். அது ஆபத்து என்று கருப்பையா மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். கட்டுரை அவளுடைய சொற்களிலேயே வந்தது.

அந்த வாரம் சலூனில் என்னை யாரும் உரக்கப் படிக்கச் சொல்லவில்லை. அவரவர் தனித்தனியே படித்தார்கள். "ஊரு மானத்தைச் சந்தியில நிறுத்திட்டான்" என்றார் ஒருவர். "காசு வாங்கிக்கிட்டு எழுதுறவன்தானே" என்றார், போன வாரம் அதே நிருபரை ஆம்பள என்றவர்.

அதற்கு அடுத்த நாள் அப்பா மில்லிலிருந்து வந்து என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். "முதலாளி வருத்தப்படுறாக. அந்தப் புள்ள சொன்ன மாதிரி பத்திரிகைக்கு ஒரு மறுப்பு எழுதணும். அவ காயிதமெல்லாம் நீதானே எழுதுற? நாலு வரி போதும்" என்றார். என்ன எழுத வேண்டும் என்பதையும் சொன்னார்: கருப்பையா குடித்துவிட்டுத் தூங்கிவிட்டார், நெருப்பைக் கவனிக்கவில்லை, நிருபர் தன்னை மிரட்டிப் பேச வைத்தார்.

அப்பா கேட்டது நாலு வரி. நான் எழுதியது இரண்டு பக்கம். என் எழுத்து அச்சில் வரும் என்ற ஆசை எனக்கு இருந்தது. காளியம்மாள் எங்கே மூச்சு விடுவாள், எங்கே குலசாமியைக் கூப்பிடுவாள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. "அங்குட்டு மழை உண்டா? இங்குட்டு வெயிலுதேன்" என்று தொடங்கினேன். அந்த வரியை எழுதச் சொல்லி அப்பா என்னைக் கேட்கவில்லை. அது முழுக்க என் கைவேலை.

இதழ் அதைக் கட்டம் கட்டி வெளியிட்டு, கீழே வருத்தமும் தெரிவித்தது. விசாரணைக்கு வந்த அதிகாரி அந்தப் பக்கத்தைக் கோப்பில் சேர்த்துக்கொண்டு போனார். வால்வையும் கல்லையும் பற்றி யாரும் அதற்குப் பிறகு பேசவில்லை. மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் காளியம்மாள் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினார்கள். "குடிகாரப் பய எங்க புள்ளைகளையும் சேத்துக் கொன்னுட்டானே! அதை ஓன் வாயாலேயே சொல்லி எழுத வச்சுட்டியேடி!" தான் எழுதச் சொல்லவில்லை என்று அவள் கத்தியதை ஒருவரும் நம்பவில்லை. மழை விசாரிக்கிறவள் ஊரில் அவள் ஒருத்திதானே.

மறுநாள் அந்த இதழை எடுத்துக்கொண்டு அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். "படிங்க தம்பி" என்றாள். நான் தலையைக் குனிந்தபடி முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தேன். முடிந்ததும், "மழை கேட்டது நாந்தேன். மத்ததெல்லாம் யாரு தம்பி?" என்றாள்.

"எனக்குத் தெரியாதுக்கா" என்றேன்.

அவள் இதழை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். அதன்பின் அவள் யாரிடமும் கடுதாசி எழுதக் கேட்டதில்லை என்று பிற்பாடு அறிந்தேன். நான் தமிழ் படித்தேன், கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தேன், சொல்லின் நேர்மையைப் பற்றி மேடைகளிலும் பேசியிருக்கிறேன்.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. அப்பா இல்லை, முதலாளி இல்லை, அந்த இதழும் நின்றுவிட்டது. மில் இருந்த இடத்தில் இன்று கல்யாண மண்டபம் நிற்கிறது. களம் கிடந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. புழுக்கிய நெல்லின் வாசனையைச் சொன்னால் தெருப் பிள்ளைகளுக்குப் புரிவதில்லை.

போன ஆண்டு, நடந்ததை எல்லாம் எட்டுப் பக்கம் எழுதிக்கொண்டு காளியம்மாளின் மகள் செல்வியைத் தேடிப் போனேன். சாக்கோட்டையில் தையல் கடை வைத்திருக்கிறாள். அம்மா செத்து ஒன்பது வருடம் என்றாள். அந்த இரண்டு வீடுகளிலிருந்தும் சாவுக்கு யாரும் வரவில்லை என்றாள். இதை அச்சில் கொண்டுவந்து அந்த வீடுகளிலும் கொடுக்கப்போகிறேன் என்று சொல்லித் தாள்களை நீட்டினேன். மிஷினை நிறுத்திவிட்டு, எட்டுப் பக்கத்தையும் விரல் வைத்து நிதானமாகப் படித்தாள்.

"நீங்க எழுதுனது நெசந்தேன். இல்லைங்கல" என்றாள். "எங்கம்மா பேரு இருக்கு. எங்கப்பா பேரு இருக்கு. அவரு குடிச்சாருன்னு நீங்க கட்டுன பொய்யும் இருக்கு. கல்லைத் தொங்கவிடச் சொன்னவுக பேரு எங்கங்கய்யா?"

"அவர் போய்ச் சேர்ந்துட்டாரும்மா. இனிமே எதுக்குன்னு…"

"எங்கப்பா மட்டும் உசுரோடயா இருக்காரு?"

தாள்களை அடுக்கி என் கையில் கொடுத்துவிட்டு, காத்திருந்த ஒரு பெண்ணுக்கு அளவெடுக்க எழுந்து போனாள். அந்த இரண்டு வீடுகளுக்கும் நான் இன்னும் போகவில்லை.

இந்தக் கட்டுரையிலும் அந்தப் பெயர் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எழுதினேன், பிறகு அடித்தேன். அவருடைய பேரன் நடத்தும் பள்ளியில் என் மருமகள் ஆசிரியையாக இருக்கிறாள்.