ஏழாம் படுக்கையின் பசியின்மை

பெரிய சிஸ்டருக்குத் தன்னைப் பற்றி ஒரு நினைப்பு உண்டு. வார்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த அன்று மற்ற நர்ஸுகள் முகத்தைச் சுளிக்க, முதல் ஆளாக நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தவள் அவள். இருபது வருடம் நோட்டில் பக்கம் பக்கமாக எழுதி, இது குறிப்பா தொடர்கதையா என்று டாக்டர்களிடம் கேலி வாங்கியவளும் அவள்தான். இப்போது எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டர் பட்டியலில் தேர்ந்தெடுக்க ஒரு சொல் இருந்தது. எந்த ஆஸ்பத்திரியில் யார் படித்தாலும் அதே சொல், அதே அர்த்தம். அவளுக்குப் பித்துப் பிடித்துக்கொண்டது. வீட்டில் கணவர் பாத்திரம் கழுவாமல் படுத்திருந்தால்கூட "செயல்பாட்டுக் குறைவு" என்பாள். மனைவித் தொல்லைக்கும் ஒரு சொல் இருக்கிறதா பார் என்பார் அவர்.

ஏழாம் படுக்கைக்கு வந்த ஓய்வுபெற்ற தபால்காரர், வந்ததிலிருந்து சாப்பாட்டுத் தட்டைத் தொடவில்லை. கேட்டதற்கு வாயைத் துண்டால் மூடிக்கொண்டு திரும்பிப் படுத்தார். சிஸ்டர் இரண்டே நொடியில் "பசியின்மை"யைத் தேர்ந்தெடுத்தாள். பெரிய சிஸ்டரே போட்டதாயிற்றே என்று, அடுத்தடுத்து வந்த நர்ஸுகளும் அதையே நகலெடுத்துப் போட்டார்கள். மூன்றாம் நாள் திரையைப் பார்த்த டாக்டர், மறுநாள் காலை மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு கொடுக்கலாம் என்றார்.

சம்மதக் கையெழுத்துப் போட வெளியூரிலிருந்து மகள் வந்தாள். பேனாவைத் திறந்தவள், அப்பாவோட பல்செட்டைக் காணோமே என்று சும்மாதான் கேட்டாள்.

சிஸ்டருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. முதல் நாள் ஸ்கேனுக்கு அனுப்பும்போது அதைக் கழற்றி வாங்கி, டப்பாவில் போட்டு, தன் அலமாரியில் பூட்டியதே அவள்தான். "உடைமைகள் பாதுகாப்பில் உள்ளன" என்று அதையும் பட்டியலிலிருந்து அழகாகப் பதிந்திருந்தாள். டப்பாவில் ஒட்டிய பெயரில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. அந்த மட்டில் கெட்டிக்காரிதான் என்று தன்னையே திட்டிக்கொண்டு ஓடினாள்.

பல்லைக் கழுவிக் கொடுத்ததும் தபால்காரர் ரொட்டித் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக மென்று தின்றார். நாலு துண்டு போன இடம் தெரியவில்லை. வெட்கத்தில் சிஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா?"

"பொக்கை வாயைத் திறக்க வெக்கமா இருந்துச்சும்மா. எடுத்து வச்சது நீங்கதானே, நீங்களே கொண்டுவந்து தருவீங்கன்னு பார்த்தேன்." அவர் ஐந்தாவது துண்டை எடுத்தார். "மூணு நாளும் நல்ல பசி."