வெளித் தாழ்ப்பாள்

காலை பதினொன்று பத்து. சமையலறை ஜன்னல் வழியாக நான் முதலில் பார்த்தது, தேன்பெட்டியின் வாசல் பலகையில் ஒரு தேனீ இன்னொரு தேனீயின் சிறகைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்ததை. இழுபட்டது உடலை வளைத்து, இழுத்ததன் வயிற்றில் கொடுக்கை ஏற்றியது. இரண்டும் கட்டிக்கொண்டபடியே கீழே விழுந்தன. அங்கே ஏற்கெனவே ஒரு கைப்பிடி அளவுக்குச் செத்துக் கிடந்தன.

ஆடி மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை அது. எங்கள் பக்கம் ரப்பர் தளிர்க்கும் மாசி, பங்குனியில் தேன் கொட்டும். ஆடி மழையில் பூ இருக்காது. பட்டினி கிடக்கும் பலமான கூட்டம், பலங்கெட்ட பெட்டிக்குள் புகுந்து கொள்ளையடிக்கும். காவல் நிற்பவற்றைக் கொன்றுவிட்டுத்தான் உள்ளே போகும். இந்த மாதங்களில் பகல் வெளிச்சத்தில் ஒரு சொட்டுத் தேன்கூட வெளியே இருக்கக் கூடாது. தேன் வாசனை அடித்தால் போதும், கொள்ளை தொடங்கிவிடும். தேன்பெட்டி வைத்திருக்கும் எல்லாருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

இரண்டாவது பிள்ளை பிறந்ததும் பத்திரிகை வேலையை விட்டேன். கணவர் கத்தாரில். வீட்டு மரநிழலில் எட்டுப் பெட்டி வைத்தேன்; வெளியிலும் தேன் வாங்கி, வடிகட்டி, பாட்டிலில் அடைத்து அனுப்பினேன். முதல் வருடம் பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பேப்பர்க்காரி என்றுதான் கூப்பிட்டாள். அவளிடம் அறுபது பெட்டி இருந்தன. எழுத்துப்பிழை தெரிந்த அளவுக்கு எனக்குத் தேனீயைத் தெரியாது என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாருக்கும் கேட்கச் சொல்வாள்.

அந்தச் சனிக்கிழமை ஓணத்துக்கான பாட்டில்கள் போக வேண்டியிருந்தது. தேன் பாத்திரத்தை வெந்நீர் அண்டாவில் இறக்கிச் சூடாக்க வேண்டும். அண்டா தரையில்தான் இருக்கும். முந்தைய வாரம் மூன்று வயது மகன் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். அன்று சாயங்காலமே ஆசாரியை வரச்சொல்லி, பிள்ளைகளின் அறைக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் அடித்தேன். வேலை நேரத்தில் மகனும் ஆறு வயது மகளும் உள்ளே இருப்பார்கள். அறையில் பொம்மை, தண்ணீர், முறுக்கு எல்லாம் வைத்திருந்தேன்.

தேன் வடித்த துணியை உடனே அலசி வீட்டுக்குள் காயப்போடுவது வழக்கம். அன்று உள்கொடி முழுக்க மகன் நனைத்த படுக்கை விரிப்புகள். பத்து நிமிடம்தானே என்று துணியை அலசாமலே வெளியே, பிள்ளைகளின் அறை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். பிறகு அதை மறந்துவிட்டேன்.

பதினொன்று பத்துக்கு நான் ஓடியது பெட்டிக்கு. புல்லைத் திணித்து வாசலை அடைத்தேன். தேங்காய் நாரைக் கொளுத்திப் புகை போட்டேன். புகை பட்ட கூட்டம் மேலே எழுந்தது. கையில் நாலு குத்து. அதற்குள் அறையிலிருந்து சத்தம் வந்தது. கதவு அடிபடும் சத்தம், மகளின் குரல், மகனின் அலறல். இருவரும் தினமும் முடியைப் பிடித்துச் சண்டை போடுகிறவர்கள். நான் திரும்பாமலே, வாயை மூடுங்கள் என்று கத்தினேன். இரண்டு தடவை கத்தினேன்.

அக்கா வேலியைத் தாண்டி வந்தாள். என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். கம்பியில் துணி இல்லை. கம்பிகளுக்கு இடையில் தேனீக்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தன. அவள் வீட்டுக்குள் ஓடினாள். நான் பின்னால் போனபோது புதுத் தாழ்ப்பாள் இறுகிப்போய், அவள் அதை உள்ளங்கையால் அடித்துக்கொண்டிருந்தாள்.

"வெளிய எதுக்கு ஏட்டி தாழ்ப்பாள்?"

உள்ளே அடிக்கும் சத்தம் நின்றிருந்தது.

கதவு திறந்தது. மகள் தம்பியின் தலையோடு போர்வையைப் போட்டு, அவன்மேல் குப்புறப் படுத்திருந்தாள். சுவரெல்லாம் நசுங்கிய தேனீக்கள். அருகில் அவளுடைய கணக்குப் புத்தகம், அட்டை பிய்ந்து கிடந்தது. தேன் துணி தரையில். கம்பி வழியாக அவள்தான் இழுத்திருக்கிறாள். இருவரும் ஆளுக்கொரு முனையைச் சப்பியிருக்கிறார்கள். மகன் பிடித்த முனையில் தேனீக்கள் இருந்திருக்கின்றன.

அக்கா இருவரையும் முற்றத்துக்குத் தூக்கி வந்து, கொடுக்குகளை நகத்தால் வழித்து எடுத்தாள். மகளுக்கு ஒன்பது. மகனுக்குப் பதினேழு, அதில் மூன்று வாய்க்குள். அவனுடைய நாக்கு பற்களுக்கு வெளியே வந்துவிட்டது. மூச்சு விசில் போலக் கேட்டது. அக்கா ஆட்டோ பிடிக்கத் தெருவுக்கு ஓடினாள்.

அந்த இடைவெளியில் நான் மகளை அடித்தேன். துணியை எதற்கு இழுத்தாய் என்று கேட்டு, வீங்கிக்கொண்டிருந்த கன்னத்திலேயே அடித்தேன். ஒரு அடி அல்ல. ஆட்டோ வந்து நின்ற பிறகும் என் கை ஓங்கியிருந்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துத் திருகி, என்னை ஆட்டோவுக்குள் தள்ளினாள்.

ஆஸ்பத்திரிக்குப் பதினெட்டு நிமிடம். மகன் என் மடியில். அவன் மார்பு ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுந்தது. உதடு நீலமாகத் தொடங்கியது. மகள் எதிரே பார்த்துக்கொண்டு, அழாமல் சொன்னாள்:

"நான் கதவத் தட்டுனேன். நீ வாய மூடுன்னு சொன்ன."

வாசலிலேயே ஊசி போட்டார்கள். மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். மறுநாள் மதியம் அவன் நாக்கு வாய்க்குள் அடங்கியது. மூன்றாம் நாள் கஞ்சி குடித்தான்.

வீட்டுக்குத் திரும்பியபோது கொள்ளை போன பெட்டியில் உயிரோடு எதுவும் இல்லை. தேனடைகள் கிழிந்து, மெழுகுத் தூள் பெட்டியடியில் குவிந்திருந்தது. தாழ்ப்பாளை அக்கா ஏற்கெனவே கழற்றியிருந்தாள். கதவில் நான்கு ஆணித் துளைகள்.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. நான் வேலையைத் தொடங்கும்போது மகள் அலமாரியிலிருந்து ஒரு நிறைந்த தேன் பாட்டிலை எடுத்துப் போய், அறைக் கதவு சாத்தாதபடி முட்டுக்கொடுத்துவிட்டு, தம்பியைக் கூட்டிக்கொண்டு உள்ளே போகிறாள்.