என் எடையும் ஒரு டப்பா பெருங்காயமும்

என்னைப் பார்த்து "இளைச்சிட்டிய" என்று சொன்னவர்களை வரிசையாக நிறுத்தினால் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து எட்டயபுரம் வரைக்கும் நிற்பார்கள். கடைக்கு மல்லி வாங்க வந்தவன் சொல்லுவான். கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவன் தன் இலையை விட்டுவிட்டு என்னைப் பார்ப்பான். "என்ன அண்ணாச்சி, சுகரா?" இல்லை என்றால் குரலைத் தாழ்த்தி, "மதுரையில போய்க் காட்டுனியளா?" என்பான். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? பெரிய நோயின் பெயரை வாயால் சொல்லாமல் கண்ணால் சொல்லுகிறான்.

நான் மூணாம் வகுப்போடு நின்றவன். நாகலாபுரம் பக்கத்திலிருந்து வெறுங்கையோடு வந்து, மூட்டை தூக்கி, இன்றைக்குச் சொந்தமாக மளிகை மொத்தக் கடை வைத்திருக்கிறேன். ஒரு மூட்டையைத் தோளில் வாங்கினால் அரைக் கிலோ முன்னே பின்னே இல்லாமல் எடை சொல்லுவேன். கண்ணைக் கட்டிவிட்டு ஒரு மிளகாய் வத்தலைக் கையில் கொடுத்தால் அது இந்த வருஷத்துச் சரக்கா, போன வருஷத்துச் சரக்கா என்று சொல்லுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை, சந்தையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அப்படிப்பட்ட நான், என் உடம்பு ஏன் எழுபத்திரண்டு கிலோவிலிருந்து ஐம்பத்தொன்றுக்கு இறங்கியது என்று தெரியாமல் இரண்டு வருஷம் கக்கூசுக்கும் கட்டிலுக்குமாக நடந்தேன்.

கடைசியில் மதுரை டாக்டர் ஒருவர் வயிற்றுக்குள் குழாய் விட்டு, கடுகளவு சதை எடுத்துப் பார்த்துச் சொன்னார். சீலியாக் என்று பெயராம். கோதுமை ஆகாது. ரவை, மைதா, சேமியா, பிஸ்கட், பரோட்டா எதுவும் உயிர் உள்ளவரைக்கும் கூடாது.

"புதுத் துவாலையில நூல் நூலாத் தூக்கிட்டு நிக்கும்லா? குடலுக்குள்ளயும் அப்படித்தான். உங்களுக்கு அது தேஞ்சு மொட்டையாப் போச்சு. பெறகு தின்னது எங்க ஒட்டும்?" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல! சின்ன வயசில் கம்பங்கூழும் சோளச் சோறும் தவிர வேறு கண்டதில்லை. சொந்தக் காலில் நின்ற அன்றைக்கு நான் ஆசையாகத் தின்றது பரோட்டா. ஐம்பது வயசில் வேறொரு டாக்டர், "சுகர் எட்டிப் பாக்குது, ராத்திரிக்குச் சோறு வேண்டாம், சப்பாத்தி சாப்பிடுங்க" என்றார். பத்து வருஷம் மருந்து மாதிரி தவறாமல் சப்பாத்தி தின்றேன். இப்போது இவர் அதைத்தான் விஷம் என்கிறார். பழையபடி கம்பங்கூழ் நல்லது என்கிறார். அதற்கா நான் ஊரை விட்டு வந்தேன்?

வீட்டுக்காரி வீடு வந்ததும் கோதுமை மாவு டப்பாவைக் காலி செய்தாள். எங்கள் வீட்டில் முப்பது வருஷமாக எண்ணெய் ஊறிக் கறுத்த தோசைக்கல் ஒன்று இருந்தது. அதில் தோசை காகிதம் மாதிரி எழும்பி வரும். சப்பாத்தி சுட்ட கல்லாயிற்றே என்று அதையும் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டாள். புதுக்கல்லில் தோசை ஒட்டி ஒட்டிக் கிழிந்தது. முழுசாக வந்ததை எனக்கு வைத்துவிட்டுக் கிழிந்ததை அவள் தின்றாள்.

கஞ்சியும் துவையலுமாக இரண்டு மாசம் ஓடியது. தினமும் கடை திறந்ததும் மூட்டை நிறுக்கிற தராசில் நான் ஏறி நிற்பேன். செருப்பைக் கழற்றி, போனையும் சாவிக்கொத்தையும் மேஜையில் வைத்துவிட்டுத்தான் ஏறுவேன். ஐம்பத்திரண்டு, ஐம்பத்து நாலு, ஐம்பத்தேழு. இருபது வருஷமாக என்னோடு இருக்கும் லோடுமேன் எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, சாக்குக்கு எவ்வளவு கழிக்கணும்?" என்பான்.

"ஏலே, வேட்டிக்கு முந்நூறு கிராம் கழிச்சுக்கோ" என்று நானும் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

எடை ஏறியதும் நாக்கு கேட்க ஆரம்பித்தது. பத்தியச் சாப்பாடு போதும், சாம்பாரும் ரசமும் வை என்றேன். கடையிலிருந்து முதல் தரமான பெருங்காயத் தூள் டப்பாவை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கொஞ்ச நாளில் வயிறு உப்பியது. வாயுவுக்குப் பெருங்காயத்தை விட்டால் மருந்து ஏது? மோரில் அரை ஸ்பூன் போட்டுக் குடித்தேன். கேட்கவில்லை, ஒரு ஸ்பூன் போட்டேன். பிறகு காலையிலும் சாயங்காலமும் குடித்தேன். வயிற்றுப்போக்கு திரும்பி வந்தது. தராசு ஐம்பத்தாறு காட்டியது, பிறகு ஐம்பத்து நாலு, பிறகு ஐம்பத்து மூணு.

மதுரைக்கு ஓடினேன். ஸ்கேன், ரத்தம் எல்லாம் எடுத்தார்கள். "பயப்படும்படியா ஒண்ணும் இல்ல. கோதுமை எங்கயோ உள்ள போகுது. திங்கிறது அத்தனையையும் யோசிச்சுப் பாருங்க" என்றார் டாக்டர். நான் நம்பவில்லை. ஒன்றுமில்லாததற்கா மூணு கிலோ, நாலு கிலோ இறங்கும்? மறைக்கிறார் என்றே நினைத்தேன். தராசில் தினம் மூன்று தடவை ஏறினேன். கல்லாவில் உட்கார்ந்தபடி மேஜைக்கு அடியில் கைவிட்டு வயிற்றில் கட்டி தட்டுகிறதா என்று அமுக்கிப் பார்த்தேன். யாவாரி விலை கேட்டால் காதில் விழவில்லை. எனக்குப் பிறகு இவள் என்ன செய்வாள் என்ற ஒரே யோசனைதான். அவளிடம் இதைச் சொல்லவும் இல்லை.

சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், சொல்லக் கூடாததைச் சொன்னேன். ஒரு மத்தியானம் தட்டைத் தள்ளிவிட்டு, "ஏட்டி, அந்தப் பழைய கல்லு எங்க? ஒளிச்சு வச்சு அதுலதான் சுடுதியா?" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். இரண்டு நாளும் சோற்றை வைத்த கையோடு அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் கடைக்கு வந்தாள். கடை திறந்த அன்றைக்கு விளக்கேற்றியதோடு சரி, அதற்குப் பிறகு அவள் படி ஏறியதே இல்லை. நான் தராசில் நின்றுகொண்டிருந்தேன். அவள் கையில் பெருங்காய டப்பா.

"இதுல என்ன இருக்கு?"

"பெருங்காயம். வேற என்ன இருக்கும்?"

"கூட்டுப் பெருங்காயம்னு போட்டிருக்கு. எதுகூடக் கூட்டு?"

நான் வாயைத் திறக்கும் முன்னால் லோடுமேன் முந்திக்கொண்டான். "அண்ணாச்சிக்குத் தெரியாததா மதினி? மைதாவச் சேத்துப் பிசையாட்டா பெருங்காயத்தை நாக்குல வைக்க முடியாதுன்னு போன வாரங்கூட ஒரு யாவாரிக்குச் சொல்லிட்டிருந்தாவளே!"

சொன்ன பிறகுதான் அவனுக்கும் உறைத்தது. குனிந்து ஒரு மூட்டையைத் தேவையில்லாமல் நகர்த்தினான்.

அதில் மைதா இருப்பது எனக்குத் தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நாற்பது வருஷமாகத் தெரியும். எந்தக் கம்பெனி எவ்வளவு சேர்க்கிறது என்று மோந்து பார்த்தே சொல்லுவேன். டாக்டர் யோசிக்கச் சொன்னபோது தின்றதையெல்லாம் ஒன்று விடாமல் யோசித்தேன். இது மருந்து. மருந்தை எவன் யோசிப்பான்?

வீட்டுக்காரி டப்பாவை மேஜையில் வைத்தாள். "நான் என் தோசைக்கல்ல விட்டேன். நீங்க இந்தத் தராச விடுங்க."

"தராசு இல்லாம எப்படிட்டி யாவாரம் பண்ண?"

"சரக்க நிறுங்க. உங்கள நிறுக்காதீங்க. மத்தியானம் படியேறும்போதே உங்க மூஞ்சில நம்பர் தெரியுது. எனக்கு ஒரு வாய் சோறு இறங்க மாட்டேங்குது."

ஆக, அவளுக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது. நான் தராசிலிருந்து இறங்கினேன். கல்லைப் பற்றிப் பேசியது தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் மாவு கலக்காத பால் பெருங்காயம் ஒரு கட்டி கொண்டுபோய் அடுப்பங்கரையில் வைத்தேன். எடுத்து மோந்து பார்த்துவிட்டு அன்றைக்கு ரசம் வைத்தாள்.

அதற்குப் பிறகு வயிறு அடங்கியது. உடம்பு ஏறுகிறது. கோதுமை இல்லாத பண்டம் என்று கடலைமிட்டாய் வேறு தின்கிறேன். சும்மா விடுகிறதா ஊர்? போன வருஷம் "இளைச்சிட்டிய" என்ற அதே ஆள் இப்போது, "என்ன அண்ணாச்சி, உடம்பு போட்டுட்டிய! தைராய்டா இருக்கும், பாத்துக்கிடுங்க" என்கிறான். மனுஷன் எந்த எடையில் இருந்தால் இவர்களுக்குப் பொறுக்கும்? அவன் சொல்லிவிட்டுப் போன அன்று முழுக்கக் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தேன்.

தராசில் மட்டும் ஏறுவதில்லை. கொடுத்த வாக்கு. ஆனால் குளிக்கும்போது அரைஞாண் கயிற்றுக்குள் விரல் விட்டுப் பார்ப்பேன். ஒரு விரல் போகிறதா, இரண்டு விரல் போகிறதா என்று. அது அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். போன வெள்ளிக்கிழமை குளியலறைக் கொடியில் என் துண்டோடு ஒரு புது அரைஞாண் கயிறும் தொங்கியது. பழசைவிட ஒரு சாண் நீளம்.