எதிர்வீட்டில் வளர்ந்த கமீர்

பேக்கரி வாசலில் புளித்த மாவு வாசம் அடித்தால் இன்றும் அம்மாவின் கமீர் ஜாடிதான் எனக்குக் கண்ணில் வரும். பெருநாளுக்கு முந்தின நாள், காஞ்சிபுரத்தில் தறிச் சத்தம் ஓயாத எங்கள் தெருவில், தயிருக்கு உறை வாங்குவதுபோல அந்தப் புளித்த மாவில் ஆளுக்கொரு பிடி வாங்கிப்போய்த்தான் எங்களவர்கள் எல்லோரும் இனிப்பு ரொட்டி சுடுவார்கள். நான் மூன்றாவது படித்த வருஷம், ஆறாத பாலை ஊற்றி அம்மா அதைச் சாகடித்துவிட்டு, கிண்ணமும் கையுமாக நின்ற பெண்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது, எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத எதிர்வீட்டுத் தறிக்காரர் மனைவி, முந்தானையில் மூடி எடுத்துவந்த சின்ன ஜாடியைத் திறந்தாள்.

“போன பெருநாளைக்கு எனக்கும் ஒரு பிடி குடுத்தியேக்கா. நாங்க சாப்பிடமாட்டோம், தூக்கிப்போடவும் மனசு வரல. தெனம் மாவு போட்டு வளத்துக்கினு இருக்கேன்.”

எட்டிப்பார்த்தேன். எங்கள் வீட்டுக் கமீர், அவள் வீட்டில் தின்று வளர்ந்து, நுரை நுரையாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.